கட்டற்ற ஜாஸின் முதல் ஒலிப்பதிவு எது? நுழைவு வரிசையை முன்வைத்து ஒரு விவாதம்

பழைய ஊசி:
நேற்று இரவு இந்த மன்றத்தில் 'கறுப்புத்தட்டு' எழுதியிருந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. "கட்டற்ற ஜாஸ் 1960 டிசம்பர் 21 அன்று நியூயார்க்கில் ஆர்னெட் கோல்மனின் கையில் பிறந்தது, அதற்கு முன் எவரும் அதை ஒலிப்பதிவு செய்ததில்லை" என்பதே அந்த வரி. கட்டற்ற ஜாஸ் என்பது, ஜாஸின் வழக்கமான கட்டமைப்புகளைக் கைவிட்டு அந்தந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிப்பது. சாக்சபோன் கலைஞரான கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' இசைத்தட்டு மீது எனக்குப் பகையில்லை. இருபது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். ஆனால் "எவரும்" என்ற சொல்லை எழுதும் முன் சற்றே தேடியிருக்க வேண்டாமா? 1949 மே 16 அன்று லென்னி டிரிஸ்டானோவும் அவருடைய குழுவினரும் கேப்பிடல் இசைத்தட்டு நிறுவனத்துக்காக 'இன்ட்யூஷன்', 'டைக்ரஷன்' என்ற இரண்டு உருப்படிகளை வாசித்தார்கள். பியானோவில் டிரிஸ்டானோ, ஆல்ட்டோ சாக்சபோனில் லீ கொனிட்ஸ், டெனர் சாக்சபோனில் வார்ன் மார்ஷ், கிதாரில் பில்லி பாவர், பாஸில் ஆர்னால்ட் ஃபிஷ்கின் ஆகிய ஐவர்தாம். சுருதி, தாளம், வேகம், மெட்டு, இவற்றில் எதையும் அவர்கள் முன்கூட்டிப் பேசி வைத்திருக்கவில்லை. ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டே இழைகளைப் பின்னினார்கள். கோல்மனுக்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே நடந்த காரியம் இது. கறுப்புத்தட்டு தம் வரியைத் திருத்திக்கொள்வார் என எதிர்பார்க்கிறேன்.

கறுப்புத்தட்டு:
திருத்துவதற்கு ஒன்றுமில்லை. டிரிஸ்டானோவின் அந்த இரண்டு உருப்படிகளை நானும் அறிவேன். யார் முதலில் நுழைவது, யார் அடுத்து நுழைவது, எவ்வளவு நேரம் கழித்து நுழைவது என்பதையெல்லாம் அவர்கள் முன்னரே பேசி வைத்துக்கொண்டுதான் வாசித்தார்கள் என்பதைப் பழைய ஊசி வசதியாக மறந்துவிட்டார். நுழைவு வரிசை ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டிருந்தால் அதைக் கட்டற்றது என்று எப்படிச் சொல்ல முடியும்? மூன்று நிமிடங்களுக்குள் முடிந்துபோகும் ஒரு பரிசோதனையை, எட்டுப் பேர் முப்பத்தேழு நிமிடங்கள் இடைவிடாமல் வாசித்த ஒரு பெரும் படைப்போடு சேர்த்துப் பேசுவது நியாயமாகுமா? இரண்டு நால்வர் குழுக்கள். இடப்பக்க ஒலிப்பெருக்கியில் கோல்மன், டான் செர்ரி, ஸ்காட் லஃபாரோ, பில்லி ஹிக்கின்ஸ். வலப்பக்கத்தில் எரிக் டால்ஃபி, ஃப்ரெடி ஹப்பர்ட், சார்லி ஹேடன், எட் பிளாக்வெல். இப்படி ஒரு ஏற்பாட்டை அதற்கு முன் யார் நினைத்துப் பார்த்தார்கள்?

பழைய ஊசி:
"ஏற்பாடு" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், நன்றி. நுழைவு வரிசை இருந்ததால் 1949 தள்ளுபடி என்றால், அதே அளவுகோலை உங்கள் எட்டுப் பேருக்கும் வையுங்கள். 'ஃப்ரீ ஜாஸ்' தட்டில் ஒவ்வொரு தனி வாசிப்புக்கும் முன்னால் காற்றுக்கருவிகள் நான்கும் சேர்ந்து ஒரு முழக்கம் எழுப்புகின்றனவே, அவை தற்செயலாக வானத்திலிருந்து விழுந்தனவா? கோல்மன் எழுதிக் கொடுத்தவை அவை. முதலில் டால்ஃபி, அடுத்து ஹப்பர்ட், பிறகு கோல்மன், பிறகு செர்ரி, அதன் பின் பாஸ் வாசிப்பவர்கள் இருவர், கடைசியில் டிரம்ஸ் வாசிப்பவர்கள் இருவர் என்ற ஒழுங்கும் அப்படியே. கோல்மனுக்கு மட்டும் மற்றவர்களைப் போல இருமடங்கு நேரம். அதே நாளில் ஒத்திகையைப் போல வாசித்த பதினேழு நிமிடப் பதிவு ஒன்று 1971இல் 'ட்வின்ஸ்' தட்டில் வெளிவந்தது. அதைக் கேட்டவர்களுக்கு அதே முழக்கங்கள் அங்கேயும் இருப்பது தெரியும். ஆக, 1949இல் நுழைவு வரிசை மட்டுமே முடிவாகியிருந்தது. 1960இலோ நுழைவு வரிசையோடு முழக்கமும் முடிவாகியிருந்தது. இரண்டில் எது அதிகக் கட்டுள்ளது?

தாளக்கட்டு:
தாளத்தைப் பற்றி எவரும் பேசாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. கோல்மனின் தட்டில் ஹிக்கின்ஸ் டிரம்ஸில் விரைந்த நடையில் ஓடிக்கொண்டே இருக்கிறார். மறுபக்கத்தில் பிளாக்வெல் அதன் மேல் இன்னொரு அடுக்கைப் பின்னுகிறார். முப்பத்தேழு நிமிடமும் நாடி தவறவில்லை. கால் தட்டிக்கொண்டே கேட்கலாம். டிரிஸ்டானோவின் உருப்படிகளிலோ டிரம்ஸே கிடையாது. அன்றைய அமர்வுக்கு டென்சில் பெஸ்ட் வந்திருந்தும் இந்த இரண்டிலும் அவர் வாசிக்கவில்லை. நாடியிலிருந்து உண்மையில் விடுபட்டது எது என்று பார்த்தால் 1949தான் என்பேன். நான் டிரம்ஸ் பயில்கிறவன். இதைச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது.

கறுப்புத்தட்டு:
டிரம்ஸ் இல்லாததால் விடுதலை கிடைத்துவிட்டது என்பது, வண்டியில் சக்கரமே இல்லாததால் அது தடம் மாறவில்லை என்று பாராட்டுவது போன்றது. ஜிம்மி ஜூஃப்ரி, பால் பிளே, ஸ்டீவ் ஸ்வாலோ மூவரின் குழு பற்றிப் போன ஆண்டு நடந்த விவாதத்திலேயே இதைச் சொன்னேன். டிரம்ஸ் இல்லாத இசை எனக்கு அறைக்கச்சேரியாகத்தான் கேட்கிறது. என் காதை மாற்றிக்கொள்ள முடியாது.

பழைய ஊசி:
போன ஆண்டு விவாதத்தை நீங்கள் நினைவூட்டியது நல்லதாயிற்று. 1961இல் இரண்டு தட்டுகள், 1962இல் 'ஃப்ரீ ஃபால்' என்று வாசித்துவிட்டு, கடைசியில் ஒரு காப்பிக்கடையில் ஆளுக்கு முப்பத்தைந்து சென்ட் கிடைத்த இரவில் கலைந்துபோன குழு அது. அந்த மூவரை "ஜாஸே இல்லை" என்று நீங்கள் எழுதியதையும், நான் ஆறு முறை சான்று கொடுத்தும் ஒரு முறைகூடப் பதில் சொல்லாமல் மறைந்துபோனதையும் இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த முறை மறைய விடமாட்டேன். கேள்வி ஒன்றுதான். கோல்மனின் முழக்கங்கள் முன்னரே முடிவு செய்யப்பட்டவையா, இல்லையா?

வடலியான்:
இரு தரப்பும் பொறுத்தருள வேண்டும். இலண்டனில் இருந்து எழுதுகிறேன். 1949ஐ ஒரு பக்கம் வைத்துவிட்டு 1960ஐ மட்டும் எடுத்துக்கொண்டாலும் கோல்மன் முதல்வர் ஆகமாட்டார். ஜமைக்காவில் பிறந்து இலண்டனுக்கு வந்த ஜோ ஹாரியட், 1960 நவம்பரில், அதாவது நியூயார்க் பதிவுக்கு முந்தைய மாதத்தில், 'ஃப்ரீ ஃபார்ம்' தட்டைப் பதிவு செய்துவிட்டார். ட்ரம்பெட்டும் ஃப்ளூகல்ஹார்னும் வாசித்த ஷேக் கீன் செயின்ட் வின்சென்ட் தீவைச் சேர்ந்த கவிஞர். பாஸ் வாசித்த கோல்ரிட்ஜ் குட்டும் ஜமைக்காக்காரர். பியானோவில் பாட் ஸ்மைத், டிரம்ஸில் ஃபில் சீமன். ஐவர் குழு. 1958இல் நோயுற்று மருத்துவமனையில் கிடந்த நாட்களில்தான் இந்த இசையின் எண்ணம் ஹாரியட்டுக்கு வந்தது. அட்லாண்டிக் கடலின் மறுகரையில் கோல்மன் செய்துகொண்டிருந்ததைப் பார்த்துப் படியெடுத்தவர் அல்லர் அவர். நவம்பர், டிசம்பருக்கு முன்னால் வரும் மாதம் என்பதை மட்டும் இருவரும் கவனத்தில் கொண்டால் போதும்.

கறுப்புத்தட்டு:
வடலியான் அவர்களே, ஹாரியட் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் பேச்சு நுழைவு வரிசை பற்றியது. பழைய ஊசிக்கு என் பதில் இதுதான். முழக்கங்கள் எழுதப்பட்டவை என்று வைத்துக்கொண்டாலும், அவற்றுக்கு இடையே வரும் பகுதிகளில் சுருதிக் கட்டமைப்பு எதுவும் இல்லை. ஒருவர் தனியாக வாசிக்கும்போது மற்றவர்கள் நினைத்த இடத்தில் குறுக்கிட்டுப் பேசுகிறார்கள். டால்ஃபியின் பாஸ் கிளாரினெட் உறுமும்போது செர்ரியின் சிறிய ட்ரம்பெட் இடையிடையே சீண்டுவதைக் கேட்டவர் எவரும் அங்கே எழுதிவைத்த ஒழுங்கு இருக்கிறது என்று சொல்லமாட்டார். முழக்கம் வாசல், வீடு கட்டற்றது. டிரிஸ்டானோவிடமோ வாசலே வீடு.

பழைய ஊசி:
"என்று வைத்துக்கொண்டாலும்" என்பது பதில் ஆகாது. எழுதப்பட்டவை என்பதை ஏற்கிறீர்களா, ஏற்கவில்லையா? வாசல், வீடு என்று உவமை சொல்லித் தப்பிக்க வேண்டாம். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வரும்போது முதலில் மிருதங்கம், பிறகு கடமோ கஞ்சிராவோ என்று வரிசை முன்பே தெரியும். அதனால் அங்கே மனோதர்மம் இல்லை என்று எவராவது சொன்னதுண்டா? முறை வைத்து நுழைவதால் வாசிப்பு கட்டுப்பட்டுவிடாது. 1949இல் நடந்ததும் இதுவே. அன்றைய தட்டில் மூன்று நிமிடம்தான் இடம். அந்த இடத்துக்குள் ஐந்து பேர் ஒருவரை ஒருவர் அமுக்காமல் நுழைய வேண்டும் என்றால் வரிசை வைக்காமல் வேறு என்ன செய்வது?

தாளக்கட்டு:
தனி ஆவர்த்தனத்தை இங்கே இழுக்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். அங்கே தாளம் நிலையாக நிற்கிறது. கையால் போட்டுக்கொண்டே கணக்கைப் பின்தொடரலாம். டிரிஸ்டானோவிடம் போடுவதற்குத் தாளமே இல்லை. அந்த ஒப்பீடு உங்கள் வாதத்துக்கே எதிராகப் போகிறது.

பழைய ஊசி:
நான் வரிசையைப் பற்றி மட்டுமே ஒப்பிட்டேன், தாளத்தைப் பற்றி அல்ல. வரிசை, வரிசை, வரிசை. மூன்று முறை எழுதிவிட்டேன்.

அமைதிவிரும்பி:
நண்பர்களே, 'கட்டற்ற' என்ற சொல்லுக்கு இங்கே என்ன பொருள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை தீரும் என்று நினைக்கிறேன். சுருதியிலிருந்து விடுதலையா, தாளத்திலிருந்து விடுதலையா, முன்னேற்பாட்டிலிருந்து விடுதலையா? மூன்றும் வேறு வேறு. ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுவதாகத் தோன்றுகிறது. கட்டற்ற மென்பொருள் என்று எழுதிப் பழகியதால் இங்கேயும் 'கட்டற்ற' என்று வைத்துக்கொண்டோம். 'விடுதலை ஜாஸ்' என்று சொல்லியிருந்தால் அந்தக் காலத்துக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் நினைவுக்கு வந்திருக்கும்.

கறுப்புத்தட்டு:
'விடுதலை ஜாஸ்' என்பது சுவரொட்டிச் சொல் போல இருக்கிறது. 'கட்டற்ற' என்பதே சரி. பொருள் எல்லோருக்கும் தெரியும். அகராதி வேலையை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பழைய ஊசி:
இந்த ஒரு விஷயத்தில் கறுப்புத்தட்டு சொல்வது சரி. பொருள் வரையறை கேட்பவர்கள் பொதுவாக இரண்டு தட்டுகளையும் முழுமையாகக் கேட்காதவர்களாகவே இருக்கிறார்கள்.

அமைதிவிரும்பி:
நான் இரண்டையும் முழுமையாகக் கேட்டிருக்கிறேன். ஒருவருடைய கேள்வியைப் பிடிக்கவில்லை என்றால் அவருடைய காதைக் குறை சொல்வது நல்ல பண்பு அன்று.

பழைய ஊசி:
கேட்டிருந்தால் நல்லது. எங்கே கேட்டீர்கள் என்பதும் முக்கியம். கைப்பேசியின் ஒற்றை ஒலிப்பெருக்கியில் 'ஃப்ரீ ஜாஸ்' கேட்டால் இரண்டு நால்வர் குழுக்களும் ஒன்றாகக் குழைந்துவிடும். இடம், வலம் என்று ஒலிப்பதிவுப் பொறியாளர் டாம் டௌட் பிரித்துப் பதிவு செய்த உழைப்பு முழுவதும் வீணாகும். நான் அட்லாண்டிக் நிறுவனம் வெளியிட்ட பழைய தட்டில் கேட்டவன். வெளி அட்டையில் வெட்டிய ஒரு சிறு சாளரத்தின் வழியாக உள்ளே ஜாக்சன் போலக்கின் 'வெண்ணொளி' ஓவியம் தெரியும். அந்த அட்டையைக் கையில் பிடித்தவர்களுக்கு அந்த இசையின் மதிப்பு வேறு.

கறுப்புத்தட்டு:
தட்டில் கேட்டவர் என்றால் நடுவில் எழுந்து புரட்டிப் போட்டுத்தான் கேட்டிருப்பீர்கள். முப்பத்தேழு நிமிடம் ஒரு பக்கத்தில் அடங்காது என்பதால் அதை இரண்டாக வெட்டினார்கள். குறுந்தட்டு வந்த பிறகுதான் இடைமுறிவில்லாமல் முழுமையாகக் கேட்க முடிந்தது. நான் அதைத்தான் கேட்கிறேன். இடையில் அறுந்துபோன ஒன்றைக் கேட்டுவிட்டு எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

பழைய ஊசி:
நான் இரண்டு வடிவத்திலும் கேட்டிருக்கிறேன். பேச்சை மாற்றாதீர்கள். முழக்கம் முன்பே எழுதப்பட்டதா?

வடலியான்:
ஒலிப்பதிவின் தரத்தைக் கொண்டு அளப்பதாக இருந்தால், 1964 ஜூலை 10 அன்று ஆல்பர்ட் அய்லர், கேரி பீக்காக், சன்னி மறே மூவரும் வாசித்த 'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி' ஒற்றைத் தடத்தில் பதிவானது. அதனால் அதன் மதிப்பு ஏதும் குறைந்ததா? மூன்று பேர், அரைமணி நேரத்துக்கும் குறைவான தட்டு. மறேயின் டிரம்ஸில் அடி விழும் இடத்தை எண்ண முடியாது, பெருமழை போல அது நின்று பெய்துகொண்டே இருக்கும். சிறு குழுவின் வல்லமை என்ன என்பதை அறிய விரும்புகிறவர்கள் அங்கே போக வேண்டும். அதோடு, ஹாரியட் பற்றி நான் எழுதியதற்கு இன்னும் எவரும் பதில் தரவில்லை.

தாளக்கட்டு:
மறேயைக் குறிப்பிட்டதற்கு வடலியான் அண்ணனுக்கு நன்றி. தாளத்தின் கட்டு உண்மையில் அவிழ்ந்த இடம் அதுதான். ஹிக்கின்ஸையும் பிளாக்வெல்லையும் வைத்துக்கொண்டு விடுதலை பேசுவதைவிட மறேயை வைத்துப் பேசுவது பொருத்தம்.

கறுப்புத்தட்டு:
1964 பற்றி எவரும் கேட்கவில்லை. முதல் பதிவு எது என்பதே கேள்வி. 'ஃப்ரீ ஜாஸ்' வெளிவந்தபோது உலகம் அதிர்ந்தது. 1962 ஜனவரியில் டவுன்பீட் என்ற ஜாஸ் இதழ் ஒரே தட்டுக்கு இரண்டு மதிப்புரைகளை அருகருகே வெளியிட வேண்டியதாயிற்று. பீட் வெல்டிங் ஐந்து விண்மீன்கள் கொடுத்தார். டிரிஸ்டானோவின் மூன்று நிமிடத்துக்கு உலகம் என்ன செய்தது? ஒன்றுமில்லை. ஒரு பிறப்பு என்றால் அழுகுரல் கேட்க வேண்டும்.

பழைய ஊசி:
அதே இதழில், அதே பக்கத்தில், ஜான் டைனன் ஒரு விண்மீன்கூடக் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுவதுதான் நேர்மை. பாதியை எடுத்துக் காட்டுவது உங்கள் வழக்கம். ஜூஃப்ரி விவாதத்திலும் இதையே செய்தீர்கள். டிரிஸ்டானோவுக்கு உலகம் ஒன்றும் செய்யவில்லை என்கிறீர்களே, ஏன் செய்யவில்லை? நிறுவனம் வெளியிட மறுத்தது. வாசிப்பு தொடங்கியதும் ஒலிப்பதிவுப் பொறியாளர் கையை விரித்துவிட்டு எழுந்து போனதாகவும், அந்தப் பதிவுகளுக்குப் பணம் தர மறுத்ததாகவும் டிரிஸ்டானோவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 'இன்ட்யூஷன்' தாமதமாக வெளிவந்தது. 'டைக்ரஷன்' 1954 வரை காத்திருந்தது. வானொலியில் சிம்ஃபனி சிட் என்ற அறிவிப்பாளர் அவற்றை ஒலிபரப்பியிராவிட்டால் அவை பெட்டிக்குள்ளேயே மக்கியிருக்கும். குழந்தையின் வாயைப் பொத்திவிட்டு, அழவில்லை, ஆகவே பிறக்கவில்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? கண் தெரியாத அந்த மனிதர் தம் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, எவரும் கேட்காதபோது, எவரும் பணம் தராதபோது செய்த காரியம் அது. அதை "பரிசோதனை" என்று ஒதுக்கித் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. 1954இல் ஷெல்லி மேன், ஷார்ட்டி ரோஜர்ஸ், ஜிம்மி ஜூஃப்ரி மூவரும் 'அப்ஸ்ட்ராக்ட் நம்பர் 1' என்று முன்னேற்பாடின்றி வாசித்துப் பதிவு செய்ததும் உண்டு. அதில் டிரம்ஸ் இருக்கிறது, கறுப்புத்தட்டின் காதுக்கும் ஏற்றதாக இருக்கும்.

கறுப்புத்தட்டு:
நிறுவனம் கொடுமை செய்தது என்பதும், அந்த இசை கட்டற்றது என்பதும் இரண்டு வேறு செய்திகள். முதலாவதை நான் மறுக்கவில்லை. யார் எப்போது நுழைவது என்று பேசி வைத்துக்கொண்டு நுழைந்தவர்கள் கட்டுக்குள் நுழைந்தவர்களே. கோல்மன் 1959இல் வெள்ளை நெகிழி சாக்சபோனோடு ஃபைவ் ஸ்பாட் விடுதியின் மேடையில் ஏறியபோது பட்ட ஏச்சும் பேச்சும் டிரிஸ்டானோ பட்டதைவிடக் குறைவன்று. அடிபட்டவர் யார் என்று பார்த்தால் கோல்மனும் அடிபட்டவரே.

அமைதிவிரும்பி:
அப்படியானால், முன்பே எழுதப்பட்ட முழக்கத்தோடு நுழைந்த டால்ஃபியும் கட்டுக்குள் நுழைந்தவரா? உண்மையாகவே கேட்கிறேன்.

கறுப்புத்தட்டு:
முழக்கம் வேறு, நுழைவு வரிசை வேறு.

பழைய ஊசி:
பாருங்கள், பாருங்கள். முழக்கம் முடிந்ததும் டால்ஃபி. அடுத்த முழக்கம் முடிந்ததும் ஹப்பர்ட். இது நுழைவு வரிசை இல்லை என்றால் வேறு என்ன? திருமண வீட்டில் நாதஸ்வரம் ஒலித்ததும் இன்னார் வர வேண்டும் என்பது போலத்தானே இது? 1949இல் இருந்தால் கட்டு, 1960இல் இருந்தால் வாசல். ஒரே பொருளுக்கு இரண்டு எடைக்கல் வைத்திருக்கிறார் நண்பர். நான் கோல்மனின் தட்டைத் தாழ்த்தவில்லை. ஹப்பர்ட்டைப் போல மரபில் ஊறிய ஒருவரை அங்கே நிறுத்தி, அவர் திணறுவதையும் பிறகு சிறகு விரிப்பதையும் பதிவு செய்தது பெரும் துணிச்சல். ஆனால் துணிச்சல் வேறு, முதன்மை வேறு. முதன்மை 1949க்கு உரியது.

வடலியான்:
முழக்கம் இருந்தால் குற்றமில்லை என்று கறுப்புத்தட்டு சொல்வாராயின், ஹாரியட்டின் உருப்படிகளிலும் ஒத்திகை பார்த்த தலைப்பு மெட்டுகள் உண்டு; ஆகவே அவருக்கும் அதே சலுகை கிடைக்க வேண்டும். கிடைத்தால் நவம்பர் முதலாவதாகிறது. முழக்கம் இருந்தால் குற்றம் என்று பழைய ஊசி சொல்வாராயின் கோல்மனும் ஹாரியட்டும் சேர்ந்தே விலகுகிறார்கள். எப்படிப் பார்த்தாலும் டிசம்பர் 21க்கு இடமில்லை. இதை மூன்றாவது முறையாக எழுதுகிறேன். இலண்டனில் பதிவானது என்பதற்காக, அமெரிக்கர் அல்லாத ஒருவர் வாசித்தது என்பதற்காக ஹாரியட்டை அன்றைக்கும் ஒதுக்கினார்கள். 1973இல், நாற்பத்து நான்கு வயதில், கையில் காசின்றி இறந்துபோன மனிதர் அவர். இன்றைக்கு நாமும் அதையே செய்ய வேண்டுமா?

கறுப்புத்தட்டு:
நவம்பரில் பதிவாகியிருக்கலாம். ஆனால் 'ஃப்ரீ ஃபார்ம்' ஐந்தாறு நிமிட உருப்படிகளின் தொகுப்பு. ஒரே மூச்சில் முப்பத்தேழு நிமிடம் இல்லை.

பழைய ஊசி:
இப்போது நிமிடக் கணக்குக்கு வந்துவிட்டோம். நேற்று நுழைவு வரிசை, காலையில் டிரம்ஸ், மதியம் விண்மீன்கள், மாலையில் நிமிடங்கள். நீளமே அளவுகோல் என்றால் முதலிலேயே அதைச் சொல்லியிருக்கலாம். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

கறுப்புத்தட்டு:
என் பதில் மேலே இருக்கிறது. வாசித்துப் பாருங்கள்.

பழைய ஊசி:
மேலே இருப்பது உவமை. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் போதும். அந்த முழக்கங்கள் ஒலிப்பதிவுக்கு முன்பே எழுதப்பட்டவையா?

கறுப்புத்தட்டு:
டிரிஸ்டானோவின் குழுவில் யார் எப்போது நுழைவது என்று முன்பே பேசி வைத்துக்கொண்டார்களா? நீங்கள் ஒரு சொல்லில் பதில் சொல்லுங்கள். பிறகு நான் சொல்கிறேன்.

வடலியான்:
நவம்பர்.